சேமலாப நிதியும் செட்டியார் தெருத் தங்கமும்

ஐம்பத்தைந்து வயதானவுடன் ஊழியர் சேமலாப நிதியை மொத்தமாக எடுத்துத் தங்கமாக மாற்றிவிட வேண்டும் என்ற பேச்சு, 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு கொழும்பில் எங்கள் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதி வழங்கிய வட்டி 9 வீதம். சம்பளத்தில் ஊழியரின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமுமாக ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பணம் கண்ணெதிரே கரைவதைக் கண்டவர்கள் தங்கத்தை நாடுவதில் வியப்பில்லை. அந்த நிதியின் பெரும்பகுதி அரசாங்கத்தின் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளில்தான் இருக்கிறது என்பதும், 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது பழைய முறிகளைக் கொடுத்து நீண்ட தவணை முறிகளை ஏற்க நேர்ந்தது என்பதும் அந்த அச்சத்தை வளர்த்தன.

ஆனாலும் முழுப் பணத்தையும் தங்கத்தில் போடுவதை நான் ஏற்கவில்லை. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கம் 850 டொலருக்குப் போனது. 1999இல் அது 250 டொலர் அளவுக்கு இறங்கியது. பழைய உச்சத்தை மீண்டும் காண 2008 வரை, அதாவது 28 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. இளைஞர் ஒருவர் அவ்வளவு காலம் பொறுத்திருக்கலாம்; மாதாமாதம் மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் சேமிப்பையே நம்பியிருக்கும் ஓய்வுபெற்றவர் என்ன செய்வார்? தங்கம் வட்டி தராது, குட்டி போடாது. செலவுக்கு வேண்டுமென்றால் விற்க வேண்டும், இல்லையேல் அடைவு வைக்க வேண்டும்.

நியூ ஜேர்சியில் இருக்கும் என் தம்பியும் இதே யோசனையில் இருக்கிறான். முன்பு வேலை செய்த நிறுவனத்தில் அவனுடைய 401கே சேமிப்பு, அதாவது அமெரிக்காவில் வேலையிடம் வழியாகச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பு, அப்படியே கிடக்கிறது. அங்கே அதை வரியில்லாமல், தங்கத்தை வைத்திருக்கும் ஓய்வுகாலக் கணக்குக்கு மாற்றச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் பணத்தைத் தன் கைக்கு எடுத்தால் 20 வீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொள்வார்கள். மீதியோடு அந்த 20 வீதத்தையும் தன் கையிலிருந்து சேர்த்து 60 நாட்களுக்குள் புதிய கணக்கில் போடாவிட்டால், போடாத தொகைக்கு வரியும், வயதைப் பொறுத்து 10 வீத அபராதமும் வரும். ஆகவே ஒரு நிறுவனத்திலிருந்து மற்றதற்கு நேரடியாக அனுப்பச் சொல்லுமாறு அவனிடம் சொன்னேன். "அண்ணா, தங்கத்தை வீட்டிலேயே வைத்திருக்கலாமா?" என்று கேட்டான். கூடாது, அங்கீகாரம் பெற்ற காப்பாளரிடம்தான் இருக்க வேண்டும், அதற்கு ஆண்டுதோறும் கட்டணமும் உண்டு. தங்கம் 99.5 வீதத் தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்பதால், அமெரிக்க அரசின் ஈகிள் நாணயத்துக்குத் தனி விலக்கு இருந்தாலும், அம்மா கொடுத்த 22 கரட் காப்பை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

எங்களுக்கு அப்படியொரு கணக்கு இல்லை. கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருதான் இருக்கிறது. அங்கே ஒரு பழைய அட்டியலை விற்கக் கொடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கடைக்காரர் அதை உரைகல்லில் தேய்த்து, துளி அமிலம் விட்டு, கோட்டின் நிறத்தைப் பார்ப்பார். பிறகு தராசில் வைத்து, கல்லின் எடையையும் அரக்கின் எடையையும் கழிப்பார். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அந்தத் தராசில் ஏறாது. மகளின் திருமணத்துக்கு நகை வாங்குவது வேறு. அதை ஓய்வுகாலச் சேமிப்பென்று கணக்கில் எழுதக் கூடாது. சேமிப்புக்கென்றால் முத்திரையும் எடையும் பொறித்த 24 கரட் பிஸ்கட்டையே வாங்க வேண்டும். திரும்ப எடுக்கும் விலையை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். கடைக்குக் கடை அது வேறுபடும். பெரிய கட்டியொன்றைவிடச் சிறியவை பல நல்லவை, தேவைப்படும்போது ஒன்றை மட்டும் விற்கலாம்.

என் சேமலாப நிதியில் ஆறில் ஒரு பங்கை இப்படித் தங்கமாக வைத்திருக்கிறேன். மீதி நிலையான வைப்பிலும் அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலிலும் இருக்கிறது. பிஸ்கட்டுகள் வங்கி லொக்கரில் இருக்கின்றன, பற்றுச்சீட்டுகள் வீட்டில் இருக்கின்றன, இரண்டும் எங்கே என்பது மனைவிக்கும் மகளுக்கும் தெரியும்.