படித்துறைக்குச் சிமென்ட் பூசாதீர்கள்
திருவொற்றியூர் மாதிரி கடலோரத் தலத்தில் கோயில் குளத்துப் படிகளைச் சீர்செய்யும்போது தயவுசெய்து சிமென்ட் மூட்டையை உள்ளே விடாதீர்கள். கல்லுக்குப் பின்னால் இருக்கிற ஈரமும் உப்பும் வெளியேற வழி வேண்டும். கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கைச் சிமென்ட் அடைத்தால் உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து, மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும்.

வேலையைக் கோடையில், நீர் வற்றியிருக்கும்போது தொடங்குங்கள். பழைய சாந்தைச் சுத்தியல், உளி கொண்டு கையாலேயே எடுக்க வேண்டும். மெஷின் விட்டால் கல்லின் விளிம்பு போய்விடும், அது திரும்ப வராது. இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் சுரண்டினால் போதும்.

புதுச் சாந்துக்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறட்டும். கலவை அளவு: சுண்ணாம்பு 1 பங்கு, செங்கல் தூள் 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 2 பங்கு. செங்கல் தூளை விட்டுவிடாதீர்கள், வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. கடற்கரை மணல் கூடவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது பழைய வழக்கம். பூசியபின் ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்துங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்பு விடும்.

குளத்தின் அடியில் காங்கிரீட் போடவே போடாதீர்கள். சுற்றுத் தெருக் கிணறுகளுக்கு ஊறுவது அந்தத் தண்ணீர்தான்.