ஸ்பீக்கர் மாற்றும் முன்

அலமாரியில் வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கரை விட்டு, தரையில் நிற்கும் பெரிய ஜோடிக்கு மாறப் போகிறேன். நான் முதலில் பார்ப்பது சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது. 84 டெசிபலுக்கும் 90 டெசிபலுக்கும் வித்தியாசம் 6தான். ஆனால் அதே சத்தத்துக்கு முதலாவது நான்கு மடங்கு வாட் கேட்கும். இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 8 ஓம் என்று போட்டிருந்தாலும் சில அதிர்வெண்களில் அதைவிட நன்றாகவே இறங்கும். அப்போது ஸ்பீக்கர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும்; ஆம்ப்ளிஃபயர் தாங்க வேண்டுமே!

அப்புறம், கேட்டுப் பார்ப்பது. இரண்டு ஜோடியையும் ஒரே சத்த அளவில் வைத்துத்தான் ஒப்பிடுவேன். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு நன்றாகத் தோன்றிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கத்தில்) விழும் அடி எங்கே முடிகிறது, அதன் கும்காரம், அதாவது கும்மென்ற ஆழ்ந்த ஒலி, எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பளபளக்கும் மேல் ஸ்தாயியைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கிவிடும். அதனால் பின்பக்கம் இடம் விட்டு வைக்கக்கூடிய அளவிலான ஜோடியைத்தான் எடுக்கப் போகிறேன்.