கண்ணில் நீர் கொட்டினாலும் அது வறட்சியாக இருக்கலாம்

மதுரையில் என்னிடம் ஆரி வேலை கற்க வரும் பெண்கள் பலர், சாயங்காலமானால் கண்ணைக் கசக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண் வறட்சியாக இருக்கும், டாக்டரிடம் காட்டு என்றால், "தண்ணியா கொட்டுதுக்கா, இதுல எங்க வறட்சி?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் கொட்டியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணோடு ஒட்டியபடி ஒரு வழுவழுப்பு, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய். ரசத்தின் மேல் நெய் படர்ந்து நிற்பதுபோல அந்த எண்ணெய் படர்ந்திருந்தால்தான் நீர் சீக்கிரம் ஆவியாகாது. இமையோரத்தில் இருக்கும் மைபோமியன் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைத் தருகின்றன. வறட்சி உள்ள பலருக்கும் இவை அடைத்துக்கொள்வதுதான் தொல்லை. நீர் சுரக்கும், ஆனால் தங்காது. கண் உறுத்தும். உறுத்தியதும் உடம்பு பதறிப்போய் நீரைக் கொட்டும்.

சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். ஊசி முனையையோ செல்போனையோ உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். இமைத்தால்தான் எண்ணெய் பிதுங்கி வந்து பரவும். தலைக்கு நேர் மேலே மின்விசிறியும் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

டாக்டர் அம்மா முதலில் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையை மாட்டி 5 நிமிடம் விட்டார். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் நீரே குறைவு என்று பொருள். எனக்கு நன்றாகவே நனைந்தது. அப்புறம் மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் பார்த்தார். 10 விநாடியாவது நிற்க வேண்டிய படலம் அதற்குள் உடைந்துவிட்டது. ஆக, இமைக்குத்தான் வைத்தியம்.

சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் சூடு பார்த்துவிட்டு, மூடிய கண் மேல் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும். மறுபடி மறுபடி நனைத்து 10 நிமிடம் வரை சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்த எண்ணெய் இளகுவதற்குத்தான் இத்தனையும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவ வேண்டும். தினமும் செய்ய வேண்டும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

கூடவே செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து. ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல் விடுவதாக இருந்தால், பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள்; அந்த ரசாயனமே கண்ணை அரிக்கும். இவற்றுக்கும் அடங்காத வறட்சிக்கு கண்ணின் அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான் என்றெல்லாம் இருக்கின்றன. மீன் எண்ணெய் மாத்திரையைப் பலர் சொல்வார்கள். 2018-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் அதற்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெற்று மாத்திரையாகக் கொடுத்த ஆலிவ் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் வாங்குவதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்துக்கடையில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி எந்தச் சொட்டையும் வாங்கி விடாதீர்கள். சிவப்பை மறைக்கும் மருந்து நின்றதும் சிவப்பு அதிகமாகத் திரும்பும். ஸ்டீராய்டு கலந்ததைக் கேட்பாரில்லாமல் விட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தமும் புரையும் வரலாம். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

கண்ணோடு வாயும் காய்ந்து, மூட்டும் வலித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் என்று ஒன்று உண்டு, நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள், அவையும் கண்ணைக் காயவைக்கும்.