புத்தகம் தொலைந்த வண்டி என் பெயருக்கு வந்தது இப்படித்தான்

வாங்கலாம் என்று பார்த்த பழைய இருசக்கர வண்டி, முதல் கிக்கிலேயே ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை, சத்தமும் சீராக இருந்தது. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி புக்கைக் கேட்டதும், "வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, வேண்டுமானால் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார் விற்பவர். சரி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் கழுத்துப் பகுதியில் சேசிஸ் நம்பர், அதாவது வண்டியின் சட்டத்தில் பொறித்த அடையாள எண், தெரியும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டிவைத்து பென்சிலால் தேய்த்தேன். கருப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக, ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் வந்தன. 17 இலக்க எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. 1, 0 என்று குழம்பக்கூடாதென்று அவற்றை விட்டிருக்கிறார்கள். அவை தெரிந்தாலோ, அரம் போட்ட தடம் இருந்தாலோ, எண் மேல் மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தாலோ அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

எண்ணை வைத்துப் பதிவு அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பதிவேட்டில் இருந்தது வேறொருவர் பெயர். விற்பவர் அவரிடம் வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார். போதாததற்கு, அந்த முதல் உரிமையாளர் எடுத்த கடனும் பதிவேட்டில் வண்டி மேல் அப்படியே நின்றது.

தொலைந்த புக்குக்குப் பதிலாக நகல் புக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர். வாங்குகிற நாம் எத்தனை நடை நடந்தாலும் பலன் இல்லை. விற்பவரையும் கூட்டிக்கொண்டு அந்த முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போனேன். "வித்து எத்தனை வருஷம் ஆச்சு, என்னை ஏன் இழுக்குறீங்க?" என்று வாசலிலேயே நிறுத்தினார். "வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது ஐயா. எங்காவது மோதினால் முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள்" என்றேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

கடனை அவர் எப்போதோ கட்டி முடித்திருந்தார். முடிந்ததற்கான கடிதத்தைத்தான் வாங்கவில்லை. அந்தக் கடிதத்தோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் மூன்று வாரம் ஆனது. தொலைந்துபோனதாகக் காவல் நிலையத்தில் புகார், அதன் ரசீது, நகல் விண்ணப்பம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இவ்வளவுக்கும் நான் கொடுத்திருந்தது சிறு முன்பணம் மட்டுமே. நகல் வராவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். விற்பவருக்கு வருத்தம்தான், அதற்காக நான் இறங்கி வரவில்லை.

புது புக் வந்த அன்று, மடித்து வைத்திருந்த பென்சில் தாளைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டேன். பதினேழும் சரியாக இருந்தன. பெயர் மாற்ற விண்ணப்பத்தில் முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட பிறகு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.