மூளைப் பரப்பு மெஷ்: முக்கோணங்களைக் குறைக்கும் வேலை

ஜூன் 3

மெஷ் என்பது முக்கோணங்களைப் பின்னி ஒரு பரப்பைக் காட்டும் வலை. எடுத்துக்கொண்டிருப்பது எஃப்எஸ்ஆவரேஜ் என்ற, பலரின் மூளைகளைச் சராசரியாக்கிய மாதிரி; அதன் இடது அரைக்கோளம். 1,63,842 முனைகள், 3,27,680 முக்கோணங்கள். தனி ஒருவரின் எம்ஆர்ஐயிலிருந்து ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருள் உருவாக்கும் பரப்பிலும் ஒன்றேகால், ஒன்றரை லட்சம் முனைகள் வருவது சாதாரணம்.

துளை எதுவும் இல்லாத மூடிய பரப்பு என்றால் முக்கோண எண்ணிக்கை எப்போதும் முனைகளின் இருமடங்கில் நான்கு குறைவாக இருக்கும். பள்ளிக்கூட ஆய்லர் வாய்பாடுதான் (முனை − விளிம்பு + முக்கோணம்): 1,63,842 − 4,91,520 + 3,27,680 = 2. குறைப்பதற்கு முன் ஒருமுறை, குறைத்த பின் ஒருமுறை ஃப்ரீசர்ஃபரின் எம்ரிஸ்-ஆய்லர்-நம்பர் கட்டளையை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் விடை 2 வராவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது. எங்கேயோ கிழிசலோ கைப்பிடி வளையமோ இருக்கிறது.

கோப்பு வடிவத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஃப்ரீசர்ஃபர் கோப்பில் முனைக்கு 12 பைட், முக்கோணத்துக்கு 12 பைட். மொத்தம் சுமார் 59 லட்சம் பைட். இதையே முப்பரிமாண அச்சில் வழங்கும் பைனரி எஸ்டிஎல் கோப்பாக மாற்றினால் 1,63,84,084 பைட். தலைப்பகுதிக்கு 84, பிறகு ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 50. எஸ்டிஎல்லில் முனைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே கிடையாது. ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளைத் தானே வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் குறைத்தால் நிரலுக்கு எல்லா விளிம்பும் ஓர விளிம்பாகத்தான் தெரியும், பரப்பு சல்லடையாகிவிடும். மெஷ்களைத் திருத்தும் மெஷ்லேப் நிரல் எஸ்டிஎல்லைத் திறக்கும்போது ஒரே இடத்தில் உள்ள முனைகளை ஒன்றாக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும். அதைவிட, முனைகளைப் பகிரும் பிஎல்ஒய் அல்லது கிஃப்டி கோப்பிலேயே வேலையை முடித்துவிட்டு, அச்சிடும் இயந்திரம் கேட்டால் மட்டும் கடைசியில் எஸ்டிஎல்லுக்குப் போவது மேல்.

ஜூன் 4

இன்று வழக்கில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை கார்லண்டும் ஹெக்பர்ட்டும் 1997-இல் வெளியிட்ட குவாட்ரிக் முறையைச் சார்ந்தவை. ஒவ்வொரு முனையைச் சுற்றியுள்ள முக்கோணங்களின் தளங்களிலிருந்து எவ்வளவு விலகினால் எவ்வளவு பிழை என்பதை ஒரு 4×4 சமச்சீர் அணியில் வைக்கிறார்கள். எந்த விளிம்பைச் சுருக்கினால் பிழை மிகக் குறைவோ அது முதலில் போகும். ஒரு சுருக்கலுக்கு ஒரு முனை, இரண்டு முக்கோணம், மூன்று விளிம்பு கழியும். ஆய்லர் எண் அப்படியே நிற்கும்.

அப்படி நிற்க ஒரு நிபந்தனை உண்டு. சுருக்கப்படும் விளிம்பின் இரு முனைகளுக்கும் பொதுவான அண்டை முனைகள் சரியாக இரண்டே இருக்க வேண்டும். இதைச் சோதிக்காத நிரல்கள் இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிடும். மெஷ்லேப்பில் இடவியலை (பரப்பின் இணைப்பு அமைப்பை) காக்கும் பெட்டியைக் கட்டாயம் டிக் செய்ய வேண்டும்.

ஆனால் எந்தப் பெட்டியும் தடுக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. பையல் பரப்பில், அதாவது புறணி எனும் மூளை மேலடுக்கின் வெளிமுகத்தில், ஒரு பள்ளத்தின் இரு கரைகளும் கிட்டத்தட்ட ஒட்டியே கிடக்கும். குவாட்ரிக் முறை ஒரு கரையைக் கணக்கிடும்போது எதிர்க்கரையைப் பார்ப்பதே இல்லை. முக்கோணங்கள் பெரிதாக ஆக, ஒரு கரை மற்றதைத் துளைத்துக்கொண்டு போகும். ஆய்லர் எண் அப்போதும் 2 என்றே காட்டும், ஏனென்றால் அது இணைப்பை மட்டும் எண்ணுகிறது. எனவே தன்னைத்தானே வெட்டும் முக்கோணங்களைத் தனியாகத் தேட வேண்டும்.

கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்குள் விழும் முனைகளை எல்லாம் ஒன்றாக்கும் கிளஸ்டரிங் முறையைப் புறணிக்குப் பயன்படுத்தவே கூடாது. எதிரெதிர்க் கரைகளை அது ஒரே முனையாகத் தைத்துவிடும்.

ஜூன் 5

அளவுரு எண்கள் கருவிக்குக் கருவி தலைகீழ். ஃப்ரீசர்ஃபரின் எம்ரிஸ்-டெசிமேட்டில் 0.1 கொடுத்தால் மெஷ் மிகவும் சிறுத்துவிடும். பூஜ்யத்தை நெருங்க நெருங்கக் குறைப்பு அதிகம். மெஷ்லேப்பின் விகிதமும் மிஞ்ச வேண்டிய பங்கையே கேட்கிறது. விடிகே என்ற வரைகலை நிரல் நூலகத்தின் டெசிமேட்ப்ரோவில் 0.1 என்றால் பத்தில் ஒரு பங்கு மட்டும் போகும். ஸ்கிரிப்டை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விகிதத்தை நம்பாமல், வேண்டிய முக்கோண எண்ணிக்கையை எழுதிவைத்து அதிலிருந்து விகிதத்தைக் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு.

டெசிமேட்ப்ரோவில் இடவியல் காப்பு இயல்பாக அணைந்திருக்கும், மெஷ்ஷைப் பிளக்கும் அனுமதி இயல்பாகத் திறந்திருக்கும். முன்னதை ஏற்றாமல் ஓட்டக்கூடாது. ஏற்றினால் கேட்ட இலக்கு எட்டாமல் போகலாம், அது பிழையல்ல.

ஜூன் 9

படத்தில் மெஷ் அழகாக வந்துவிடும். அதன் மேல் ஏற்ற வேண்டிய தரவில்தான் உண்மையான தலைவலி. தடிமன், வளைவு, பகுதிப் பெயர் எல்லாமே முனை எண்ணை நம்பி இருக்கின்றன. தடிமன் கோப்பில் 1,63,842 எண்கள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். எந்த எண் எந்த இடத்துக்கு என்பதைச் சொல்ல ஆயத்தொலைவு எதுவும் அதில் கிடையாது. முனைகள் குறைந்த கணமே அந்தக் கோப்பு பொருளற்றது.

முதல் யோசனை எல்லோருக்கும் ஒன்றுதான்: புதிய முனைக்கு மிக அருகிலுள்ள பழைய முனையைத் தேடி அதன் மதிப்பை எடுத்துக்கொள்வது. மேடுகளில் இது சரி. நடுப்பள்ளத்தின் ஆழத்தில் பாருங்கள். முன்கரை இயக்கப் புறணி, பின்கரை தொடு உணர்வுப் புறணி. குவாட்ரிக் முறை புதிய முனையைப் பிழை குறைவான இடத்துக்கு நகர்த்தி வைப்பதால், அது பழைய பரப்பிலிருந்து சற்று விலகி எதிர்க்கரைக்கு நெருக்கமாகிவிடலாம். அப்போது இயக்கப் புறணி முனைக்குத் தொடு உணர்வுப் பகுதியின் பெயர் விழும். படத்தில் பள்ளத்துக்குள் வேறு நிறப் புள்ளிகள் சிதறியிருந்தால் காரணம் இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள். முதலாவது, முனைகளை நகர்த்தாத முறை. டெசிமேட்ப்ரோவில் மிஞ்சும் முனைகள் பழையவற்றின் உட்கணமே. மெஷ்லேப்பில் முனைகளின் உகந்த நிலையைத் தேடும் பெட்டியை எடுத்துவிடலாம். வடிவம் கொஞ்சம் கரடாகும், ஆனால் ஆயத்தொலைவை ஒப்பிட்டுப் பழைய எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, அருகிலுள்ள பத்துப் பழைய முனைகளை எடுத்து, அவற்றின் செங்குத்துத் திசையும் புதிய முனையின் திசையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. எதிர்க்கரையின் திசை எதிராக இருக்கும், உள்பெருக்கம் எதிர்ம எண்ணாகும். அவற்றை விலக்கிவிட்டு மீதியில் அருகிலுள்ளதைக் கொள்ளலாம். தரவை விட்டுக்கொடுக்க முடியாத வேலைக்கு முதல் வழியே சரி.

பகுதிப் பெயர்களைச் சராசரி எடுக்கக்கூடாது. பகுதிப் பெயர்களை வைக்கும் அனாட் கோப்பில் பெயர் என்பது சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளைக் கோத்த ஒற்றை எண். இரண்டின் சராசரி, அட்டவணையிலேயே இல்லாத ஒரு நிறம்.

வெள்ளைப் பரப்பும் (புறணியின் உள்முகம்) பையல் பரப்பும் ஒரே முனை எண்களையும் ஒரே முக்கோணப் பட்டியலையும் பகிர்பவை. தனித்தனியே குறைத்தால் அந்த உறவு அறுந்துபோகும். ஒன்றை உட்கண முறையில் குறைத்து, அதே முனை எண்களையும் புதிய முக்கோணப் பட்டியலையும் மற்றதற்கும் பொருத்த வேண்டும். பிறகு ஒன்று மற்றதைத் துளைக்கிறதா என்று சோதனை.

பரப்பளவு, தடிமன், புள்ளியியல் எல்லாம் மூல மெஷ்ஷில் மட்டுமே கணக்கிடப்பட வேண்டும். இதில் நான் சமரசம் செய்வதில்லை.

ஜூன் 10

சிறு குறிப்பு. ஃப்ரீசர்ஃபர் பரப்பின் ஆயங்கள் ஸ்கேனர் ஆயங்கள் அல்ல; படக்கனத்தின் மையம்தான் ஆதி. இரண்டுக்கும் இடையிலான நகர்வு, சி-ராஸ் என்ற பெயரில் கோப்பின் வால்பகுதியில் இருக்கும். வெளி நிரலில் குறைத்துத் திரும்பக் கொண்டுவந்தால் வால் காணாமல் போயிருக்கும், மெஷ் எம்ஆர்ஐயிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். எஃப்எஸ்ஆவரேஜில் இந்த நகர்வு பூஜ்யம் என்பதால் அதை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படாது. பைத்தானின் நிபேபல் நூலகத்தில் படிக்கும்போதே மெட்டாடேட்டாவையும் கேட்டு வாங்கி, எழுதும்போது திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது.

ஜூன் 12

பலரின் மூளைகளை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் குவாட்ரிக் பக்கமே போக வேண்டாம். எஃப்எஸ்ஆவரேஜ் இருபது முகத் திண்மத்தை ஏழு முறை பிரித்து உண்டாக்கியது. ஆறு முறை என்றால் 40,962 முனைகள், ஐந்து என்றால் 10,242, நான்கு என்றால் 2,562. எண் வரிசையும் அடுக்கடுக்காக அமைந்தது: முதல் 10,242 முனைகள்தான் எஃப்எஸ்ஆவரேஜ்5. ஆகவே தரவை வெட்டி எடுப்பது ஒரு வரி வேலை. வெட்டும் முன் பரப்பின் மேல் மென்மையாக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நுண்ணிய இரைச்சல் பெரிய மாற்றம் போல வேடம் போடும். முக்கோணப் பட்டியலை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. எஃப்எஸ்ஆவரேஜ்5-இன் 20,480 முக்கோணங்களைத் தனிக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

ஜூன் 16

எம்இஜி, இஇஜி (மூளையின் காந்த, மின் அலைகளை அளப்பவை) கணக்குக்கான பெம் (எல்லைக்கூறு முறை) மாதிரி. உள்மண்டை, வெளிமண்டை, தோல் என மூன்று பரப்பு. இதற்கான எம்என்இ நிரலில் நான்காம் நிலை (நான்கு முறை பிரித்தது) கேட்டால் ஒவ்வொன்றும் 5,120 முக்கோணம், 2,562 முனை. மூன்றும் சேர்ந்து 7,686 மாறிகள். முழு அணி, எண்ணுக்கு 8 பைட் வீதம், சுமார் 47 கோடி பைட். ஐந்தாம் நிலைக்குப் போனால் 30,726 மாறிகள், 755 கோடி பைட். நினைவகம் பதினாறு மடங்கு, அணியைத் தலைகீழாக்கும் நேரம் அறுபத்துநான்கு மடங்கு.

உள்மண்டை முழுவதும் வெளிமண்டைக்குள் இல்லை என்று பிழைச்செய்தி வந்தால், மண்டை ஓடு மெலிந்த இடத்தில் பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பொருள். பொட்டுப் பகுதியை முதலில் பார்க்க வேண்டும். வெளிமண்டையை அந்த இடத்தில் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் பெரும்பாலும் சரியாகும்.

ஜூன் 17

இணையக் காட்சி. உலாவியில் முப்பரிமாணப் படம் வரையும் பழைய வெப்ஜிஎல் 1-இல், நீட்டிப்பு இல்லாமல், ஒரு மெஷ்ஷின் முனை எண் 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும். அதாவது 65,536 முனைகள். எஃப்எஸ்ஆவரேஜை 40 விழுக்காட்டுக்குக் குறைத்தால் 1,31,072 முக்கோணங்கள், 65,538 முனைகள். இரண்டே முனைகளால் வரம்பு தாண்டி, அந்த இரண்டைத் தொடும் முக்கோணங்கள் மூளையின் குறுக்கே நீண்ட ஊசிகளாகப் பாயும். 1,30,000 முக்கோணம் என்று இலக்கு வைத்தால் 65,002 முனைகள், கவலையில்லை.

குறைத்த பின் மூலத்தோடு ஹவுஸ்டார்ஃப் தூரத்தை (ஒரு பரப்பு மற்றதிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகுகிறது என்பதை) இரு திசையிலும் அளக்க வேண்டும். ஒரே திசையில் அளந்தால், காணாமல் போன ஒரு சிறு மடிப்பு எண்ணில் தெரியாமலே போகலாம். 1 மில்லிமீட்டர் எம்ஆர்ஐக்கு, உச்சத் தூரம் 0.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் நான் முக்கோண இலக்கை உயர்த்தி மறுபடி ஓட்டுகிறேன்.

படக்கனத்திலிருந்து பரப்பை எடுக்கும் மார்ச்சிங் கியூப்ஸ் வழியாக வந்த மெஷ் என்றால், படிக்கட்டுத் தடங்களை முதலில் டௌபின் முறையில் மென்மையாக்கிவிட்டுத்தான் குறைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் குவாட்ரிக் முறை ஒவ்வொரு படியின் விளிம்பையும் உண்மையான வடிவமென்று எண்ணிப் பத்திரமாகக் காத்துக் கொடுக்கும். சாதாரண லாப்லாசியன் மென்மையாக்கல் மெஷ்ஷையே சுருக்கிவிடும், மெல்லிய மேடுகள் முதலில் கரையும்.