நெற்றியில் ஒட்டிய பட்டையும் 45 என்ற எண்ணும்

இதய அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் நெற்றியில் ஒரு சென்சார் பட்டையை ஒட்டுவோம். மூளையின் மின்னலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண்ணைத் திரையில் காட்டும் பிஸ் கருவி அது. எண் குறையக் குறைய மயக்கம் ஆழம்; 40-க்கும் 60-க்கும் நடுவே நின்றால் மயக்கம் சரியான ஆழத்தில் இருக்கிறது என்று கொள்வோம்.

எண் 45-க்குக் கீழே நெடுநேரம் கிடந்தவர்களில் பின்னாளில் இறப்பு அதிகம் என்று 2010-இல் இதய நோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வு சொன்னது. படித்ததிலிருந்து எண் இறங்கினாலே எனக்குப் பதற்றம்தான். ஆனால் ஆழமான மயக்கம்தான் கொன்றதா, இல்லை ஏற்கெனவே தளர்ந்த உடம்புக்குக் கொஞ்சம் மருந்திலேயே எண் சரிந்துவிடுகிறதா? இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் குளிரும்போதுகூட அது தானாக இறங்கும்.

அப்புறம் 2019-இல் 'பேலன்ஸ்டு' ஆய்வு வந்தது. பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 6,644 பேரில் ஒரு பிரிவுக்கு 50, இன்னொன்றுக்கு 35 என்று இலக்கு வைத்துப் பார்த்ததில், ஓராண்டு இறப்பு 6.5, 7.2 சதவீதம். புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. இதய நோயாளிகளுக்கென்று நடந்த ஆய்வு இல்லைதான், இருந்தாலும் எனக்குப் பெரிய ஆறுதல். இப்போதெல்லாம் எண் சரிந்தால் முதலில் ரத்த அழுத்தத்தைத்தான் பார்க்கிறேன்.