தொண்ணூறுக்குக் கீழே

பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை, 72 என்று கணக்கிடப்பட்ட கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழிகளிலும் போகி எடுத்தால், அதாவது குழிக்கு ஓர் அடி கூடுதலாக அடித்தால், கூட்டுத்தொகை சரியாக 90 வரும். வார இறுதியில் மட்டும், அதுவும் சென்னை வெயில் ஏறுவதற்குள் ஆடி முடித்துவிட்டு வீடு திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த 90 ஓர் எல்லைக்கோடு. அதற்குக் கீழே எப்போதாவது ஒருமுறை வந்து போவது வேறு, அங்கேயே நிலைப்பது வேறு. நிலைப்பதற்கு நான் செய்துவரும் முயற்சிகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். தொலைதூரம் அடிப்பதற்கான வழிகளைத் தேடி வந்தவர்கள் ஏமாற நேரிடும். என் எண்ணிக்கை குறைந்ததற்கும் தூரத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு.

எல்லாக் குழிகளிலும் போகி என்றால் 90 என்பதால், 89 எடுக்க ஒரே ஒரு பார் போதும். கூடவே டபுள் போகி (பாரைவிட இரண்டு அடி கூடுதல்) ஒன்றும் வரக்கூடாது. பழைய ஸ்கோர் கார்டுகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் முழுப் பொருளும் விளங்கும். பார்கள் அவற்றில் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஆனால் நான்கைந்து குழிகளில் ஏழும் எட்டுமாகக் குவிந்து, மற்றக் குழிகளில் சேர்த்ததையெல்லாம் கரைத்துவிடுகின்றன. ஆகவே நல்ல அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, மோசமான அடி எவ்வளவு மோசமாகப் போகிறது என்பதைக் கட்டுக்குள் கொண்டுவருவதே எனக்குப் பெரிய வேலையாகத் தோன்றியது.

ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணை (குறையக் குறைய நல்லது) வைத்துத் தங்களைத் தாங்களே நொந்துகொள்ளும் நண்பர்கள் பலர் எனக்குண்டு. 2020இல் உலகம் முழுமைக்கும் பொதுவாக நடைமுறைக்கு வந்த முறையின்படி, கடைசியாகப் பதிவான 20 ஆட்டங்களில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரிதான் அந்த எண்ணுக்கு அடிப்படை. மைதானத்தின் கடினமும் இதில் சேர்க்கப்படுகிறது. இயல்பான கடினத்துக்கு ஸ்லோப் எனப்படும் கடின எண் 113 என்று வைத்து மற்றவை கணக்கிடப்படுகின்றன. சுமாராக ஆடிய 12 ஆட்டங்கள் கணக்கிலேயே வராததால், ஹேண்டிகேப் என்பது நம்முடைய நல்ல நாட்களின் அளவே தவிர வழக்கமான நாளின் அளவு அன்று. நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறை அந்த அளவை எட்டினாலே ஒழுங்காக ஆடுகிறோம் என்று பொருள். இது தெரியாமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மட்டையைச் சுழற்றும் புதிய முறை, அதாவது புதிய ஸ்விங் ஒன்றைத் தேடி அலைவது வீண் அலைச்சல்.

எதைப் பயிற்சி செய்வது என்ற கேள்விக்குக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பதிவான ஒவ்வோர் அடியின் தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கொண்டு, அந்த அடி சராசரி ஆட்டக்காரரோடு ஒப்பிட எவ்வளவு ஈட்டியது, எவ்வளவு இழந்தது என்று அவர் கணக்கிட்டார். அந்தப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் 2011இல் பட்டிங் (குழியை நோக்கிப் பந்தை உருட்டித் தட்டுவது) புள்ளிவிவரத்துக்கு இந்த முறையை ஏற்றுக்கொண்டது. சிறந்தவர்களுக்கும் சராசரியானவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளிலேயே உண்டாகிறது என்பது அவர் கண்ட முடிவு. கிளப் வராந்தாக்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் 'பட்டிங்தான் எல்லாம்' என்ற பேச்சுக்கு இது நேர் எதிரானது. பச்சையை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) நோக்கி அயர்ன் எனும் இரும்புத்தலை மட்டையால் அடிக்கும் அடிக்கு என் நேரத்தில் பெரும்பகுதியை ஒதுக்கியதற்கு இதுவே காரணம்.

அந்த அடியில் எல்லாம் தொடங்குவது கிளப், அதாவது மட்டை, தரையைத் தொடும் இடத்தில். பந்தை முதலில் தொட்டு, அதன் பிறகு, பந்துக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம், புல்லைச் சீவிக்கொண்டு போக வேண்டும். தரையை முதலில் தொட்டுவிட்டால், எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் பந்து பாதி வழியில் விழுந்துவிடும். டிரைவிங் ரேஞ்ச் எனும் பயிற்சித் திடலில் விரித்திருக்கும் செயற்கை மேட் இந்தக் குறையை அழகாக மறைத்துவிடுகிறது. பந்துக்கு நான்கு விரற்கடை பின்னால் விழுந்த கிளப்கூட மேட்டில் சறுக்கிக்கொண்டு வந்து பந்தை நன்றாகவே அடிக்கிறது, நாமும் மகிழ்ந்து அடுத்த பந்தை எடுத்து வைக்கிறோம். அதனால் மேட்டில் பயிற்சி செய்யும் நாட்களில் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் குறைவான தொலைவில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்கிறேன். துண்டில் கிளப் பட்டால் உண்மை உடனே தெரிந்துவிடும். புல்தரையில் பயிற்சி செய்ய இடம் கிடைக்கும்போது, பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கோலமாவால் நீளமாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டையே பந்தாகக் கருதிச் சுழற்றிப் பார்க்கிறேன். ஐந்தாறு முறை சுழற்றிய பிறகு குனிந்து பார்த்தால், வெட்டுத் தழும்புகள் கோட்டுக்கு முன்னால் தொடங்குகின்றனவா பின்னால் தொடங்குகின்றனவா என்பது வெள்ளையும் பழுப்புமாகத் தெளிவாகத் தெரியும். களைப்பு ஏற ஏறத் தழும்புகள் மெல்லப் பின்னோக்கி நகர்வதைக்கூடப் பார்க்கலாம். உடல் எடை வலக்காலிலேயே தங்கிவிடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

நம் ஊரில் கோல்ஃபுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள். கபில்தேவே அப்படி வந்தவர்தான்; 2024இல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பிஜிடிஐக்குத் தலைவரும் ஆனார். கிரிக்கெட் பழக்கம் கண்ணுக்கும் கைக்கும் நல்லது, ஆனால் மட்டையின் முகத்தைப் பற்றி நம்மைக் கவலையற்றவர்களாக ஆக்கிவிடுகிறது. மட்டை சற்றுத் திறந்திருந்தால் பந்து தேர்ட்மேன் பக்கம் ஓடி நான்கு ஓட்டம்கூடக் கிடைக்கும்; கோல்ஃபில் அதே திறப்பு பந்தை மரங்களுக்குள் அனுப்பிவிடும். பந்து கிளப் வீசப்படும் பாதையில் கிளம்பி, முகம் பார்க்கும் பக்கம் வளைகிறது என்றுதான் முன்பெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்த பிறகு, பந்து பெரும்பாலும் கிளப் முகம் பார்க்கும் திசையிலேயே கிளம்புகிறது என்பதும், முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாட்டினாலேயே வளைகிறது என்பதும் உறுதியாயின. ஸ்லைஸ் அடிக்கும் வலக்கை ஆட்டக்காரர், பந்து வலப்பக்கம் வளைகிறதே என்று இடப்பக்கம் குறிவைக்கிறார். பாதை மேலும் இடப்பக்கம் திரும்ப, வேறுபாடு பெருகி, வளைவும் பெருகுகிறது. இடக்கைப் பிடியைச் சற்று வலப்புறம் திருப்பி, பிடி மாறியதால் வரும் அசௌகரியத்தைச் சில வாரங்கள் பொறுத்துக்கொள்வதே எனக்குப் பலனளித்தது.

இவையெல்லாம் உடலின் வேலை. மூளையின் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் எங்கள் கேடி அண்ணன் ஒருவர். 140 யார்டு தொலைவில், பச்சையின் வலது ஓரத்தில், பங்கர் எனும் மணற்பள்ளத்துக்குப் பின்னால், குழியைக் காட்டும் கொடி இருந்த ஒரு குழியில் நான் ஏழாம் அயர்னைக் கேட்டேன். அவர் இன்னும் கூடுதல் தூரம் போகும் ஆறாம் அயர்னை நீட்டி, "சார், கொடிய பாக்காதீங்க, கிரீன பாருங்க" என்றார். பந்து பச்சையின் நடுவில் விழுந்து, இரண்டு பட்டில் பார் கிடைத்தது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களேகூட அத்தகைய தொலைவிலிருந்து அடிக்கும்போது, சராசரியாகக் குழியிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளித்தான் பந்தை நிறுத்துகிறார்கள். அவர்களுக்கே அப்படியென்றால், சனிக்கிழமை ஆட்டக்காரர் ஓரத்துக் கொடியைக் குறிவைப்பதில் நியாயமே இல்லை. என்றோ ஒருநாள் பின்காற்றில் ஏழாம் அயர்ன் 150 யார்டு போனதை நினைவில் வைத்துக்கொண்டு கிளப் எடுப்பதும் இதே வகை ஆசைதான். இப்போது ஒவ்வொரு கிளப்புக்கும் சாதாரணமாகப் பட்ட அடியின் தூரத்தை மட்டுமே சட்டைப் பையில் உள்ள சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஊட்டிக்கு ஆடப் போகும்போது அந்தச் சீட்டையும் திருத்த வேண்டியிருக்கிறது. அங்குள்ள வென்லாக் டவுன்ஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால், காற்று மெலிந்து, அதே அடி ஏறக்குறைய பத்து யார்டு கூடுதலாகப் போகிறது. குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

பட்டிங்கை நான் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. எட்டு அடியிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் குழியில் போடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, தவறவிட்ட எட்டடிப் பட்டுகளுக்காக வருந்துவதை விட்டுவிட்டேன். மூன்று அடியும் முப்பது அடியும்தான் என் பயிற்சி: முன்னதில் நேர்த்திசையும் பின்னதில் வேகமும். சென்னை மைதானங்களின் பெர்முடா புல்லுக்குச் சாயும் திசை ஒன்று உண்டு. பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால், அது நம்மைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, சற்று ஓங்கியே தட்ட வேண்டும். மார்கழியில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. முதல் சில குழிகளில் பனி ஈரத்தால் பந்து நீர்க்கோடு கிழித்துக்கொண்டு மெதுவாக ஊர்கிறது. ஒன்பது மணிக்கு மேல் அதே பச்சை வேறு பச்சையாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை எதிர்பாராதவர்கள் நடுவழியில் குழிக்கு மூன்று பட்டுகளாக வரிசையாகச் சேகரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் ஹேண்டிகேப் இருபதுக்கு மேலிருந்து பதினேழுக்கு வந்திருக்கிறது. இதற்காகத் தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டை எதையும் புதிதாக வாங்கவில்லை என்பதை, வாங்கச் சொல்லி வற்புறுத்திய நண்பர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன். பயிற்சியாளரிடம் மாதத்துக்கு ஒருமுறை போகிறேன், அவர் சொல்லும் ஒரே விஷயத்தை அடுத்த முறை வரும்வரை செய்கிறேன், யூடியூபில் ஸ்விங் காணொளிகள் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒருவர் இடுப்பைத் திருப்பச் சொல்கிறார், அடுத்தவர் அசைக்காதே என்கிறார், இருவரையும் கேட்டவன் இரண்டையும் செய்ய முயன்று நடுங்குகிறான்.

எஞ்சியிருப்பது பங்கர். 1932இல் பிரிட்டனின் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற ஜீன் சாரசென், கிளப்பின் அடிப்பாகத்தைத் தடிப்பாக்கி உருவாக்கிய சாண்ட் வெட்ஜ், மென்மையான மணலில் வழுக்கிக்கொண்டு பந்தை மணலோடு வெளியே தள்ளுவதற்காக அமைந்தது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்து இறுகிப்போன மணலில் அதே தடிப்பு துள்ளி எழுந்து, பந்தின் நடுவில் மோதி, பச்சையைத் தாண்டி அனுப்பிவிடுகிறது. ஆகவே இந்த மழைக்காலத்தில், தடிப்புக் குறைந்த, முகம் 52 டிகிரி சாய்ந்த வெட்ஜை எடுத்து, முகத்தைத் திறக்காமல், பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலைக் கீறிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு மூன்றில் ஒன்று பச்சையில் நிற்கிறது.